கம்பெனி பிறந்ததற்கு ஒரு தாள், உயிரோடு இருப்பதற்கு இன்னொரு தாள்

கேள்வி இதுதான். தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மசாலா அரைத்துக் கடைகளுக்குப் போடும் ஒரு தம்பிக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு கம்பெனி 400 கிலோ கேட்டிருக்கிறது. பணம் 60 நாள் கழித்து. நம்பிக்கைக்காகத் தங்கள் பதிவுச் சான்றிதழ் ஒரு பக்கத்தை பிடிஎஃப் ஆக அனுப்பியிருக்கிறார்கள். இது போதுமா, போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, பதிலுக்கு அவர்கள் கேட்கும் ‘கம்பெனி டாக்குமென்ட்’களில் எதை அனுப்புவது என்று கேட்டிருக்கிறார். தன் கம்பெனியை 2022-இல் பதிந்ததாகவும், கணக்கு வழக்கை மச்சான் பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

தம்பி, சான்றிதழைப் பற்றிப் பேசும் முன்னால் அதிலிருந்து நீங்கள் எழுதி அனுப்பியிருக்கும் அவர்கள் பதிவு எண்ணைப் பார்த்துவிடுவோம். நடுவிலுள்ள ஆறு இலக்கத்தை இங்கே எழுதவில்லை, அது சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருடைய எண்ணாக இருக்கலாம். ஆனால் முன்னால் 2014 என்றும் கடைசியில் 23 என்றும் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் ‘ப்ரொப்ரைட்டரி லிமிடெட்’ என்று போட்டிருப்பதாகவும் சொல்கிறீர்கள். இந்த மூன்றும் ஒரே தாளில் சேர்ந்து வர வழியே இல்லை.

தென்னாப்பிரிக்கக் கம்பெனி எண்ணில் மூன்று துண்டு உண்டு. முதலில் பதிவான ஆண்டு, நடுவில் ஆறு இலக்க வரிசை எண், கடைசி இரண்டு இலக்கம் அது எந்த வகை என்று சொல்லும். 07 என்றால் தனியார் கம்பெனி, அதாவது உங்களுடையது போல ப்ரொப்ரைட்டரி லிமிடெட். 06 என்றால் பப்ளிக் கம்பெனி. 08 லாப நோக்கில்லாதது. 21 என்றால் வக்கீல்களும் டாக்டர்களும் வைத்துக்கொள்ளும் ‘இன்கார்ப்பரேட்டட்’. 10 என்றால் வெளிநாட்டுக் கம்பெனி இங்கே பதிந்துகொண்டது. 23 என்றால் குளோஸ் கார்ப்பரேஷன், நாம் சிசி என்று சொல்கிறோமே, அது.

சிசி 1984-ஆம் வருடச் சட்டத்தால் வந்தது. பத்துப் பேருக்கு மேல் உறுப்பினர் கூடாது, காகித வேலையும் குறைவு. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்ததால் டர்பனைச் சுற்றி ஃபீனிக்ஸ், டொங்காட், வெருலம் பக்கமெல்லாம் நம் ஆட்கள் நிறையப் பேர் அதைத்தான் எடுத்தார்கள். 2008-ஆம் வருடக் கம்பெனிச் சட்டம் 2011 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது புதிதாக சிசி பதிவது நின்றுபோனது. பழைய சிசிகள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் 2014-இல் பிறந்த சிசி என்று ஒன்று கிடையாது. அப்படியே இருந்தாலும் அதன் பெயருக்குப் பின்னால் சிசி என்றுதான் வரும்.

நீங்கள் எழுதும்போது கை தவறியிருக்கலாம், பிடிஎஃபைத் திறந்து இன்னொரு முறை பாருங்கள். அதிலேயே 23 என்று இருந்தால் அது அரசாங்கக் கம்ப்யூட்டரிலிருந்து வந்த தாள் இல்லை, அங்கே எண்ணை யாரும் கையால் அடிப்பதில்லை. சரக்கை அனுப்பாதீர்கள்.

சரி, எண் ஒழுங்காகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு பக்கம் போதுமா? போதாது. இருபது வருடத்துக்கு மேலாக டர்பனில் ஒரு கணக்கு அலுவலகத்தில் இதே வேலையாக இருக்கிறேன். பிளாஸ்டிக் ஃபோல்டரில் சான்றிதழை வைத்துக்கொண்டு “எல்லாப் பேப்பரும் இருக்குண்ணா” என்று வருகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். அந்த ஃபோல்டரில் பெரும்பாலும் இருப்பது இந்த ஒரு தாள்தான்.

அதன் பெயர் கோர் 14.3. பிரிட்டோரியாவில் சன்னிசைட் பகுதியில் இருக்கும் கம்பெனிகள் மற்றும் அறிவுசார் சொத்து ஆணையம், அதாவது சிஐபிசி, கம்பெனியைப் பதிந்தவுடன் தருவது. கம்பெனியின் பெயர், எண், எந்தத் தேதியிலிருந்து பதிவு என்பது அதில் இருக்கும். கம்பெனிச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இதற்கு நல்ல பலம் கொடுத்திருக்கிறது. பதிவுக்கு வேண்டியதெல்லாம் நிறைவேறியது என்பதற்கும், அந்தத் தேதியிலிருந்து கம்பெனி பிறந்துவிட்டது என்பதற்கும் இந்தச் சான்றிதழே முடிவான ஆதாரம். கோர்ட்டில் போய் “நீ சரியாகப் பதியவில்லை” என்று யாரும் வாதாட முடியாது.

பிறந்ததற்குத்தான் ஆதாரம் என்பதைக் கவனியுங்கள். ஊரில் பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும். அவர் தன் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டினால் கருவூலத்தில் ஏற்பார்களா? கோர் 14.3 பிறப்புச் சான்றிதழ். உங்களுக்கு வேண்டியது உயிர்ச் சான்று.

எங்களிடம் வரும் ஒருவர் மின்சாமான் மொத்த வியாபாரி. ஒரு கம்பெனிக்கு மூன்று தவணையாக 90,000 ராண்ட் சரக்குக் கடனில் கொடுத்தார். அவர்கள் ஆபீஸ் சுவரில் பதிவுச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள், இவர் தன் கண்ணால் பார்த்தார். பணம் வரவில்லை. வக்கீலிடம் போன பிறகுதான் தெரிந்தது, அந்தக் கம்பெனியைச் சரக்கு வாங்குவதற்கு ஒரு வருடம் முன்பே பதிவேட்டிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். சுவரில் இருந்த சான்றிதழ் போலி இல்லை, அசலேதான். ஆனால் வழக்குப் போட அந்தப் பெயரில் யாரும் இல்லை. நீக்கப்பட்ட கம்பெனியை மறுபடி உயிர்ப்பிக்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போகக் கடன் கொடுத்தவருக்குச் சட்டத்தில் வழி உண்டு. அதற்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டு அவர் திரும்பி வந்து எங்கள் ஆபீஸ் பெஞ்சில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. நான் இவ்வளவு நீளமாக எழுதுவது அதனால்தான்.

உயிர்ச் சான்றுக்குப் பெயர் டிஸ்க்ளோஷர் சர்டிபிகேட். சிஐபிசி இணையதளத்தில் கணக்குத் திறந்து, கம்பெனி எண்ணைப் போட்டு, சிறு கட்டணம் கட்டினால் உங்கள் மின்னஞ்சலுக்கே வந்துவிடும். எதிராளியின் அனுமதி தேவையில்லை. அவர்கள் அனுப்பியதை வாங்காதீர்கள், நீங்களே எடுங்கள். அடுத்தவர் கொடுத்த பிடிஎஃபை எவரும் திருத்தலாம். நீங்கள் எடுத்ததைத் திருத்த இடையில் ஆளில்லை.

வந்ததும் மேலிருந்து கீழே நிதானமாகப் படியுங்கள். முதலில் எண், பெயர், வகை, பதிவுத் தேதி. அவற்றுக்கு நடுவில் நிலை என்று ஒரு வரி வரும். ‘இன் பிசினஸ்’ என்று இருந்தால் கம்பெனி உயிரோடு இருக்கிறது. ‘ஏஆர் டிரெஜிஸ்ட்ரேஷன் ப்ராசஸ்’ என்றால் ஆண்டு ரிட்டர்ன் போடாததால் நீக்கும் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ‘ஃபைனல் டிரெஜிஸ்ட்ரேஷன்’ என்றால் முடிந்துவிட்டது. ‘லிக்விடேஷன்’ என்றாலும் ‘பிசினஸ் ரெஸ்க்யூ’ என்றாலும் கடனில் மூழ்கிய கம்பெனி. ரெஸ்க்யூவில் இருப்பவை மீண்டு வருவதும் உண்டு, ஆனால் அவர்களுக்குக் கடனில் மசாலா கொடுக்க வேண்டிய ஆள் நீங்கள் இல்லை.

அப்புறம் பதிவு அலுவலக முகவரி. உங்களுக்கு ஆர்டர் அனுப்பியவர்கள் சரக்கை இறக்கச் சொன்ன இடமும் இதுவும் வேறாக இருக்கலாம், அது தப்பில்லை, கணக்கரின் முகவரியைக் கொடுத்துப் பதிகிற கம்பெனிகள் நிறைய. ஆனால் ஏன் வேறு என்று கேட்டுவிடுங்கள். பக்கத்தின் கீழே இயக்குநர்கள் பட்டியல் வரும், பெயர், நியமிக்கப்பட்ட தேதி எல்லாம் இருக்கும். நான் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். கம்பெனி 2014, இயக்குநர் எல்லாரும் போன மாதம் வந்தவர்கள் என்றால் யாரோ பழைய கம்பெனியை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். சும்மா பதிந்து வைத்து விற்கப்படும் ‘ஷெல்ஃப் கம்பெனி’ இங்கே சாதாரண வியாபாரம், சட்டப்படி சரியானதும்கூட. எண்ணில் இருக்கும் வருடத்தைப் பார்த்துப் பத்து வருட அனுபவம் என்று நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பழைய கம்பெனிகளிடம் கோர் 14.3 இருக்காது. 2011-க்கு முன் பதிந்த கம்பெனிக்கு சிஎம் 1, சிசிக்கு சிகே 1. மஞ்சளேறிய அந்தத் தாளைக் காட்டினால் சந்தேகப்பட வேண்டாம். சில வீடுகளில் அதை சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பத்திரப்படுத்தியிருப்பார்கள். நிலை என்ன என்பதை எண்ணை வைத்து நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, பெயர் முன்பதிவு செய்யாமல் பதிந்தால் எண்ணையே பெயராகக் கொடுத்துப் பின்னால் ‘சவுத் ஆப்பிரிக்கா’ என்று சேர்ப்பார்கள். விநோதமாக இருக்கும், ஆனால் முறையானது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்களுடைய நிலையைப் பார்க்கும் முன் உங்கள் சொந்தக் கம்பெனியின் நிலையை இன்றைக்கே பாருங்கள். “மச்சான் வருஷா வருஷம் ரிட்டர்ன் போடுகிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ரிட்டர்ன்? சார்ஸ் என்னும் வருமான வரித் துறைக்குப் போடுவது வரி ரிட்டர்ன். சிஐபிசிக்குப் போடுவது ஆண்டு ரிட்டர்ன். பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டும் முடிந்தது என்று இருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். இவை வேறு வேறு அலுவலகம், வேறு வேறு கட்டணம், ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

ஆண்டு ரிட்டர்ன் என்பது கம்பெனி இன்னும் இயங்குகிறது என்று வருடத்துக்கு ஒரு தடவை சிஐபிசியிடம் சொல்வது. பதிவான தேதி ஒவ்வொரு வருடமும் வரும்போது அதிலிருந்து 30 வேலை நாளுக்குள் போட வேண்டும். சிசிக்கு அந்த மாதமும் அடுத்த மாதமும் கெடு. வருட விற்றுமுதல் பத்து லட்சம் ராண்டுக்குக் கீழே இருந்தால் கட்டணம் 100 ராண்ட், நேரத்தில் போட்டால். வியாபாரமே நடக்காத வருடத்துக்கும் போட வேண்டும். தொடர்ந்து இரண்டு வருடமோ அதற்கு மேலோ விட்டால் சிஐபிசி கம்பெனியை நீக்கலாம். நீக்கிவிட்டால் கம்பெனி சட்டப்படி இல்லாத ஒன்று. பேங்க் கணக்கு முடங்கும். கம்பெனி பெயரில் இருக்கும் வேன், மெஷின், பணம் எல்லாம் ஆளில்லாச் சொத்தாக அரசாங்கத்துக்குப் போய்ச் சேரும்.

நூறு ராண்டுக்காக இப்படி ஆவதைப் பார்க்க மனசு கேட்காது. பலகாரம் செய்து கடைகளுக்குப் போடும் ஒரு அம்மா, தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்களிடம் வந்தார். மாவு, எண்ணெய் வாங்கக் கார்டைத் தேய்த்தால் போகவில்லை. பேங்கில் கேட்டபோது “உங்கள் கம்பெனி இல்லை” என்றிருக்கிறார்கள். ஏழு வருடம் வரி ஒழுங்காகக் கட்டியவர், அத்தனை ரசீதையும் கொண்டுவந்து மேஜையில் பரப்பினார். ஆண்டு ரிட்டர்ன் மட்டும் ஒன்றுகூடப் போடவில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை. கோர் 40.5 என்ற விண்ணப்பம் போட்டு, நீக்கிய சமயத்தில் தொழில் நடந்துகொண்டிருந்ததற்கு பேங்க் ஸ்டேட்மென்டைக் காட்டி, விடுபட்ட ரிட்டர்ன் எல்லாம் அபராதத்தோடு கட்டி மீட்டோம். தீபாவளி போய், கிறிஸ்மஸும் நெருங்கிவிட்டது.

2022-இல் பதிந்த உங்கள் கம்பெனிக்கு இன்னொரு சங்கதியும் சேர்ந்திருக்கிறது. 2023 மே 24 முதல் கம்பெனியின் உண்மையான சொந்தக்காரர் யார் என்ற விவரத்தையும் சிஐபிசியிடம் பதிய வேண்டும். 5 சதவிகிதமும் அதற்கு மேலும் பங்கோ கட்டுப்பாடோ வைத்திருக்கும் ஆட்கள் எல்லாரும் அதில் வர வேண்டும், பினாமி பெயருக்குப் பின்னால் இருப்பவர் உட்பட. 2023 பிப்ரவரியில் உலகப் பணமோசடித் தடுப்புக் குழுவான எஃப்ஏடிஎஃப் தென்னாப்பிரிக்காவைச் சாம்பல் பட்டியலில் வைத்ததை ஒட்டிய காலத்தில் கொண்டுவந்த மாற்றம் இது. 2025 அக்டோபரில் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டோம், ஆனால் விதி அப்படியே இருக்கிறது. 2024 ஜூலை 1-லிருந்து இந்த விவரம் இல்லாமல் ஆண்டு ரிட்டர்னைப் போடவே விடமாட்டார்கள். பழைய ரிட்டர்னை மறந்தவர்கள் இப்போது இரண்டு கதவைத் தாண்ட வேண்டும்.

அப்புறம் இயக்குநர் வேறு, முதலாளி வேறு. இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், குடும்பத் தொழிலில் சண்டை வருவதே இங்கேதான். டிஸ்க்ளோஷர் சர்டிபிகேட்டில் வருவது கம்பெனியை நடத்துகிற இயக்குநர்கள். பங்கு யாரிடம் எவ்வளவு என்பது அதில் இருக்காது. அது கம்பெனியே வைத்திருக்க வேண்டிய பங்குப் பதிவேட்டிலும், பங்குச் சான்றிதழிலும் இருப்பது. நீங்களும் மச்சானும் பாதிப் பாதி என்று வாய்ப்பேச்சாக வைத்திருந்தால், இன்றே பங்குச் சான்றிதழ் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய சிசியில் இந்தக் குழப்பம் இல்லை. சிகே 1 தாளிலேயே ஒவ்வொரு உறுப்பினருக்கும் எத்தனை சதவிகிதம் என்று எழுதியிருக்கும். தாத்தா காலத்து சிசி ஒன்றைப் பிரிக்கும்போது அந்த ஒரு தாள் எத்தனை பஞ்சாயத்தை மிச்சப்படுத்துகிறது என்று பார்த்திருக்கிறேன்.

இனி, கம்பெனி உண்மை, உங்களோடு பேசும் ஆள்தான் பொய் என்ற நிலைமை. இது இப்போது அதிகம். நல்ல பெயருள்ள ஒரு கம்பெனி அல்லது பல்கலைக்கழகத்தின் பெயரில் ஆர்டர் வரும். எண் சரி, நிலை சரி, இயக்குநர் பெயரும் சரி. மின்னஞ்சல் முகவரியில் மட்டும் ஒரு எழுத்து கூடியிருக்கும், அல்லது ஒரு கோடு சேர்ந்திருக்கும். சரக்கை ஒரு கிடங்கில் இறக்கச் சொல்வார்கள், அங்கே வந்து வாங்கிப் போகிறவர் அந்தக் கம்பெனியைப் பார்த்ததே இல்லை. பதிவுத் தாள் எத்தனை இருந்தாலும் இதைப் பிடிக்காது.

இதற்கு மூன்று காரியம் செய்யலாம். ஆர்டரில் இருக்கும் தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, அந்தக் கம்பெனியின் எண்ணை நீங்களே தேடிப் பிடித்துப் பேசி, கொள்முதல் பகுதியில் இப்படி ஒரு ஆர்டர் உண்டா என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை, எனக்குத் தெரிந்து அதிகம் காப்பாற்றியது இதுதான். அடுத்து, ஆர்டரில் கையெழுத்துப் போட்டவர் இயக்குநர் இல்லையென்றால், அவருக்கு அதிகாரம் கொடுத்து இயக்குநர் குழு போட்ட தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். மூன்றாவது பேங்க். அவர்கள் கணக்கு எண்ணையும் கம்பெனி பதிவு எண்ணையும் உங்கள் பேங்கில் கொடுத்தால், இரண்டும் பொருந்துகிறதா என்று சரிபார்த்துச் சொல்லும் சேவை இங்கே உண்டு, ஏவிஎஸ் என்பார்கள். பணம் வாங்கப் போகிற நமக்கு எதற்கு அவர்கள் கணக்கு என்று நினைக்க வேண்டாம். கம்பெனி பெயரில் ஒரு கணக்குகூட இல்லாதவன் உங்களுக்கு எங்கிருந்து பணம் அனுப்புவான்?

அவர்களுடைய கடிதத்தாள், ஆர்டர், இன்வாய்ஸ் எல்லாவற்றிலும் கம்பெனி பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு சொல்கிறது. இல்லாத கடிதத்தாளைப் பார்த்ததும் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஒழுங்கான ஆட்களே பலர் போடுவதில்லை. உங்கள் டப்பா லேபிளில் எண் போடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதைவிட முக்கியம் உங்கள் இன்வாய்ஸ் புத்தகம், எண்ணை அதில் சேர்த்து அச்சடியுங்கள்.

வரித் தாள்கள் பதிவுக்கு ஆதாரம் இல்லை, ஆனால் கம்பெனி நிஜமாக நடக்கிறதா என்பதற்கு நல்ல சாட்சி. 2016 முதல் காகிதத்தில் இருந்த வரிச் சான்றிதழுக்குப் பதிலாக ‘பின்’ (PIN) என்னும் ஒரு ரகசிய எண் வந்துவிட்டது. அவர்கள் அந்த எண்ணைத் தந்தால், சார்ஸின் இஃபைலிங் இணையதளத்தில் போட்டு, நீங்கள் பார்க்கும் அந்த நிமிடத்தில் வரி நிலை சரியா என்று தெரிந்துகொள்ளலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது, பழைய தாளைக் காட்டி ஏமாற்ற இடமில்லை. வாட் என்னும் மதிப்புக் கூட்டு வரி வசூலிக்கிறார்கள் என்றால் வாட் எண் 4-இல் தொடங்கும் பத்து இலக்கமாக இருக்க வேண்டும், அதையும் சார்ஸ் தளத்தில் தேடிப் பார்க்கலாம். அரசாங்கத்துக்குச் சப்ளை செய்பவர்கள் என்றால் தேசியக் கருவூலத்தின் சிஎஸ்டி என்னும் சப்ளையர் பட்டியலில் இருப்பார்கள். அந்த அறிக்கை ஒன்றிலேயே பதிவு, வரி, பேங்க் மூன்றும் வந்துவிடும்.

தனி ஆளாகக் கடை நடத்துபவரிடம் சிஐபிசி எண் இருக்காது, சட்டமும் கேட்பதில்லை. அவரும் தொழிலும் ஒன்று, அடையாள அட்டையும் வரி எண்ணும்தான் அவர் தாள். பங்களாதேஷ் மார்க்கெட்டில் உங்களிடம் வாங்குபவர்கள் பாதிப் பேர் அப்படித்தானே. கோயில் கமிட்டிகளும் தமிழ்ப் பள்ளிச் சங்கங்களும் கேட்பதால் ஒரு வார்த்தை: டிரஸ்ட் என்றால் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் அறங்காவலர்களுக்குத் தரும் அதிகாரக் கடிதம்தான் ஆதாரம், என்பிஓ என்னும் லாப நோக்கில்லாத அமைப்பு என்றால் சமூக நலத் துறையின் சான்றிதழ். இவற்றை சிஐபிசியில் தேடிவிட்டு “பதிவே இல்லை” என்று சொல்லிவிட வேண்டாம்.

சரி, நீங்கள் அனுப்ப வேண்டியவை. கோர் 14.3, கூடவே இந்த வாரம் எடுத்த உங்கள் டிஸ்க்ளோஷர் சர்டிபிகேட், வரி பின் எண், பேங்க் முத்திரை போட்ட கணக்கு உறுதிக் கடிதம். விற்றுமுதல் ஒரு கோடி ராண்டுக்குள் இருப்பதால் பி-பிபிஇஇ, அதாவது கறுப்பின மக்களுக்குப் பொருளாதார வாய்ப்பளிக்கும் சட்ட விஷயத்துக்கு ஆடிட்டர் சான்றிதழ் வேண்டாம், உறுதிமொழிப் பத்திரம் போதும். கம்பெனி விதிமுறையான எம்ஓஐ, அதாவது கோர் 15.1, கேட்டால் மட்டும் கொடுங்கள். சரக்கு வாங்குகிறவருக்கு அது எதற்கு? பேங்கில் கடன் கேட்டால் அங்கே கட்டாயம் வேண்டும்.

உங்கள் அடையாள அட்டை நகலைக் கேட்டால் இரண்டு தடவை யோசியுங்கள். கடன் வாங்குவது அவர்கள், நீங்கள் இல்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நகலின் குறுக்கே, எழுத்தின் மேலேயே, யாருக்கு எதற்காக எந்தத் தேதியில் கொடுத்தது என்று பேனாவால் எழுதுங்கள். இயக்குநர்களைத் திருட்டுத்தனமாக மாற்றிக் கம்பெனியையே கடத்துகிற வேலை இங்கே நடக்கிறது. 2024 பிப்ரவரி கடைசியில் சிஐபிசி கம்ப்யூட்டரிலேயே யாரோ நுழைந்து தனி விவரங்களைப் பார்த்தார்கள் என்று ஆணையமே அறிவித்தது. உங்கள் சிஐபிசி கடவுச்சொல் 2022-இல் வைத்ததாக இருந்தால் மாற்றுங்கள், கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அங்கே சரியாக வையுங்கள். மாற்றம் நடந்தால் தகவல் அதில்தான் வரும்.

சான்றொப்பமிட்ட நகல் கேட்டால் காசு கொடுத்து ஏஜென்டிடம் போகாதீர்கள். போலீஸ் ஸ்டேஷன் கவுண்டரில் அசலையும் நகலையும் காட்டினால் இலவசமாக முத்திரை போட்டுத் தருவார்கள். முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பெரும்பாலான இடங்களில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முத்திரையை வாங்கமாட்டார்கள். நீங்கள் கரூரிலிருந்து துணிப்பை வரவழைக்க நினைப்பதாகவும் சொல்லியிருந்தீர்கள். இந்திய அதிகாரிகளுக்குப் போகும் தாளுக்கு போலீஸ் முத்திரை போதாது, பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறையான டிர்கோவில் அப்போஸ்டில் என்னும், வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்று வாங்க வேண்டியிருக்கும். அதைப் பிறகு தனியாகக் கேளுங்கள்.

உங்கள் நண்பர் ஒருவர் புதிதாகப் பதிய நினைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவருக்கு: பெயர் முன்பதிவு 50 ராண்ட், கம்பெனிப் பதிவு 125 ராண்ட், சிஐபிசியின் பிஸ்போர்ட்டலிலேயே செய்யலாம். வருமான வரி எண்ணும் அதோடு வந்துவிடும். ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் போக வேண்டாம்.

இன்று ஜோகன்னஸ்பர்க்காரர்களுக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான்: “ஐயா, உங்கள் சான்றிதழில் எண்ணின் கடைசி இலக்கங்கள் 23 என்று இருக்கின்றன. கம்பெனி எண்ணைச் சரிபார்த்து அனுப்புங்கள். வரி பின் எண்ணும், ஆர்டரில் கையெழுத்திட்டவருக்கான தீர்மான நகலும் வேண்டும். முதல் ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்கூட்டியே, மீதி சரக்கு இறங்கும் அன்று.” உண்மையான வியாபாரி இதற்குக் கோபப்பட மாட்டார், அவரிடமும் இதையே பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். பதில் வந்ததும் அந்த எண்ணை வைத்து நீங்களே டிஸ்க்ளோஷர் எடுத்து, நிலை வரியையும் இயக்குநர் தேதியையும் எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அது வருவதற்குள் மச்சானிடம் 2023-லிருந்து போட்ட ஆண்டு ரிட்டர்ன் ரசீதுகளைக் கேட்டு வாங்கி வையுங்கள்.